ஆபரேஷன் ஒரு நாள், பராமரிப்பு ஆறு வாரம்



ஆடு வளர்ப்பு, கறவை மாடு, நாட்டுக்கோழி என்று பல பாடங்கள் இந்தப் பக்கத்தில் படித்திருக்கிறோம். காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போய் ஆட்டுக்குப் பயிற்சி எடுத்த உறுப்பினர்களும் நம்மிடம் இருக்கிறார்கள். இந்த முறை நாய்க்குட்டி. "நாய்க்குப் போய் ஒரு பாடமா அக்கா?" என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் பொத்தேரி, தைலாவரம், காட்டாங்குளத்தூர் பக்கம் குழுக் கூட்டத்துக்குப் போனால் இந்தப் பேச்சு வராமல் இருப்பதில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் ராத்திரி பகல் பார்க்காமல் வண்டி ஓடுகிறது, பக்கத்திலேயே ரயில் பாதை. குட்டிகள் அடிபடுகின்றன. வாடகைக்கு இருக்கும் கல்லூரிப் பிள்ளைகள் இரக்கப்பட்டுத் தூக்கிக்கொண்டு போய், ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு ஆபரேஷனும் செய்துவிடுகிறார்கள். அடுத்த வாரம் பரீட்சை முடிகிறது, ஊருக்குப் போகிறார்கள். காலில் தையலோடு குட்டி யார் கைக்கு வருகிறது? வீட்டுக்காரம்மா கைக்கு. அல்லது அந்த வீட்டில் சமையல் வேலைக்குப் போகும் நம் உறுப்பினர் கைக்கு.

அதனால்தான் இந்தப் பாடம். டாக்டர் செய்வது ஒரு மணி நேர, இரண்டு மணி நேர வேலை. அதற்குப் பிறகு வரும் ஆறு வாரம் பெண்கள் கையில் இருக்கிறது. குட்டி நடக்குமா, நொண்டுமா, பிழைக்குமா என்பது பெரும்பாலும் அந்த ஆறு வாரத்தில்தான் தீர்மானமாகிறது.

குன்றத்தூர் பத்ரா

நம் ஊருக்குத் தூரமில்லாத குன்றத்தூர் பக்கம் 2016 ஜூலையில் வெளியே வந்த சம்பவம் பலருக்கு ஞாபகம் இருக்கும். மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர் ஒரு நாய்க்குட்டியை மொட்டை மாடியிலிருந்து தூக்கி எறிந்தார். இன்னொரு மாணவர் அதை செல்போனில் படம் பிடித்தார். அந்தக் காட்சி டிவியில் எல்லாம் வந்தது. குட்டி செத்திருக்கும் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்தார்கள். சென்னையைச் சேர்ந்த விலங்கு ஆர்வலர்கள் தேடிப் போனபோது அது உயிரோடு கிடைத்தது, எறியப்பட்டுச் சுமார் 10 நாள் கழித்து. பின்னங்காலில் எலும்பு முறிவு, முதுகிலும் அடி. அதற்கு பத்ரா என்று பெயர் வைத்தார்கள். வைத்தியம் பார்த்தார்கள். மீட்கப் போனவர்களில் ஒருவரே தத்து எடுத்துக்கொண்டார்.

அப்போது ஊரெல்லாம் பேசியது தண்டனையைப் பற்றி. 1960-ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். பிறகு மருத்துவப் பல்கலைக்கழகம் அந்த மாணவர்கள் ஆளுக்கு 2 லட்சம் ரூபாய் விலங்குகள் நல வாரியத்துக்குக் கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டது. (2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவில், பிராணியைக் கொல்வதற்கும் முடமாக்குவதற்கும் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. இதைக் குழுவில் எல்லோரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.)

நம் பாடத்துக்கு வேண்டியது வேறு. முறிந்த காலோடு அத்தனை நாள் ஒரு குட்டி தாக்குப்பிடித்திருக்கிறது. நாய் வலியை வெளியே காட்டிக்கொள்ளாத பிராணி. கத்தவில்லை, அதனால் அடி பெரிதில்லை என்று நாம் முடிவு கட்டக் கூடாது. ஆபரேஷனுக்குப் பிறகும் இதே கதைதான். சத்தமில்லாமல் மூலையில் படுத்திருந்தால் "நல்லா தூங்குது" என்று விட்டுவிடாமல் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

முதலில் நம்மைக் காப்பாற்றிக்கொள்வது

குட்டியைத் தொடுவதற்கு முன்னால் இதைப் படியுங்கள். அடிபட்ட நாய் வளர்த்தவரையே கடிக்கும். வலி அப்படி. தெருக்குட்டிக்கு ஊசி போட்டிருக்கிறார்களா என்று யாருக்கும் தெரியாது. குட்டிக்கும் வெறிநோய் வரும். "பால்குடி மறக்காத குட்டிக்கு என்ன ரேபீஸ்" என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

பழைய துப்பட்டாவால் வாயைச் சுற்றிக் கட்டலாம். வாந்தி எடுத்தாலோ, மூச்சு வாங்கினாலோ கட்டக் கூடாது. முதுகில் அடி இருக்கலாம் என்பதால் கையில் தொங்கவிட்டுத் தூக்காமல் ஒரு பலகையிலோ, இரண்டு பேர் விறைப்பாகப் பிடித்த சாக்கிலோ படுக்க வைத்துக் கொண்டுபோக வேண்டும். வழியில் பாலோ பிஸ்கட்டோ கொடுக்க வேண்டாம். மயக்க மருந்து கொடுக்க வேண்டி வந்தால் வயிற்றில் இருப்பது வாந்தியாகி நுரையீரலுக்குள் போய்விடும்.

பல் பட்டாலும், நகம் கீறினாலும், நம் கையில் இருக்கும் வெட்டுக்காயத்தில் அது நக்கினாலும் உடனே குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். 15 நிமிடம் என்பது நீளமான நேரம். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். மிளகாய்த்தூள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். ஊசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் என்று கையில் போடுகிறார்கள். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பயந்த காலம் போய்விட்டது. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்து 2005-க்குப் பிறகு நம் நாட்டில் இல்லை. கடித்து ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவைப்படும். அது அங்கே இல்லையென்றால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கும். "குட்டி பத்து நாள் உயிரோடு இருக்கான்னு பார்த்துட்டு ஊசி போட்டுக்கலாம்" என்பது ஆபத்தான பேச்சு. ஊசியை ஆரம்பித்துவிட்டுத்தான் பத்து நாள் பார்க்க வேண்டும். வெறிநோய் ஒரு முறை வெளியே தெரிந்துவிட்டால் அதற்கு மருந்து கிடையாது.

"ஏன் உடனே ஆபரேஷன் பண்ணலை?"

நிறையப் பேருக்கு இந்தக் கோபம் வருகிறது. கால் தொங்குகிறது, டாக்டர் கட்டுப் போட்டு, டிரிப்ஸ் ஏற்றி, "ரெண்டு நாள் போகட்டும்" என்கிறார். அது அலட்சியம் அல்ல. வண்டியில் அடிபட்ட குட்டிக்கு நுரையீரலில் ரத்தம் கசிந்திருக்கலாம், மூத்திரப்பை கிழிந்திருக்கலாம். அதைச் சரிபார்க்காமல் மயக்கம் கொடுத்தால் மேஜையிலேயே போய்விடும். கால் காத்திருக்கும், உயிர் காத்திருக்காது.

பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்தில் முதலுதவி கிடைக்கும். எலும்பு ஆபரேஷனுக்கு பெரிய இடத்துக்குத்தான் போக வேண்டும். வேப்பேரியில் இருக்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல் ஆரம்பித்தது. அங்கே சிறு பிராணிகளுக்குத் தனி மருத்துவமனைப் பிரிவு உண்டு. தெருப் பிராணிகளுக்காக வேளச்சேரி ரோட்டில் புளூ கிராஸ் இருக்கிறது. அது 1959-ல் தொடங்கிய அமைப்பு. தனியார் மருத்துவமனைக்குப் போனால் எக்ஸ்ரே, மயக்க மருந்து, கம்பி அல்லது பிளேட்டு, பிறகு கம்பி எடுப்பது என்று மொத்தச் செலவையும் முதலிலேயே எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

முதல் ராத்திரி

மயக்கம் தெளியும்போது குட்டி முனகும், தள்ளாடும், ஆளைத் தெரியாத மாதிரி விழிக்கும். பயப்பட வேண்டாம். உடம்பு சில்லிட்டுப் போவதுதான் முதல் ஆபத்து. ஃபேனுக்கு நேராகப் படுக்க வைக்கக் கூடாது. சாக்கு விரித்து அதன்மேல் பழைய காட்டன் புடவை போட்டு, வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைக்கலாம். நாயின் சாதாரண உடம்புச் சூடே 101-லிருந்து 102.5 டிகிரி வரை. நமக்குத் தொட்டால் காய்ச்சல் மாதிரி தெரியும். அதை நம்பி மாத்திரை கொடுத்துவிடாதீர்கள்.

நன்றாக முழித்து, தலையை நிமிர்த்தி உட்கார்ந்த பிறகு முதலில் தண்ணீர், ஒரு ஸ்பூன், இரண்டு ஸ்பூன். வாந்தி இல்லையென்றால் குழைந்த சோறு கொஞ்சம். சின்னக் குட்டி வெகுநேரம் பட்டினி கிடந்தால் சர்க்கரை குறைந்து துவண்டுவிடும். அதனால் எத்தனை மணிக்கு உணவு என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள். ஈறு இளஞ்சிவப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். வெளுத்துப்போனால் உள்ளே ரத்தம் போகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். ஒரு நாளாகியும் மூத்திரம் போகவில்லையென்றால் அதுவும் அவசரம்தான்.

புண், புழு, மாத்திரை

தையல் 10-லிருந்து 14 நாளில் பிரிப்பார்கள். அதுவரை காயம் காய்ந்து இருக்க வேண்டும். மஞ்சள், சாம்பல், மண்ணெண்ணெய், வண்டி ஆயில் எதையும் பூச வேண்டாம். நாய் நக்கினால் ஆறிவிடும் என்பதும் சரியில்லை. நக்கி நக்கித் தையலைப் பிரித்துவிடும். கழுத்தில் மாட்டும் புனல் கடையில் கிடைக்கும். இல்லையென்றால் உடைந்த பிளாஸ்டிக் பக்கெட்டை வெட்டி ஓரத்தில் துணி வைத்துத் தைத்துக்கொள்ளலாம். சாப்பிடும்போது நாம் பக்கத்தில் இருந்தால் கழற்றலாம்.

நம் ஊர் வெயிலிலும் மழையிலும் பெரிய எதிரி ஈ. ஈ உட்கார்ந்த புண்ணில் ஒரே நாளில் புழு வைத்துவிடும். கொசுவலை ஒன்று போட்டால் போதும். புழு வந்துவிட்டால் அந்துருண்டையைப் பொடி செய்து போடும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அந்துருண்டை நாய்க்கு விஷம், கற்பூரமும் அப்படியே. டாக்டரிடம்தான் போக வேண்டும்.

வீட்டில் இருக்கும் வலி மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுப்பது அடிக்கடி நடக்கிறது. பாராசிட்டமால், புரூஃபன், டைக்ளோஃபெனாக் எதையும் நம் இஷ்டத்துக்குக் கொடுக்கக் கூடாது. இரைப்பையில் புண்ணாகும், சிறுநீரகமும் ஈரலும் கெடும். கால் பிழைத்து உயிர் போன மாதிரி ஆகிவிடும். டாக்டர் கொடுத்த ஆன்டிபயாடிக்கை, குட்டி துள்ளுகிறதே என்று மூன்றாம் நாள் நிறுத்துவதும் தப்பு.

இன்னொன்று. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து நாலாம் நாள், ஐந்தாம் நாள் குட்டி சாப்பிடாமல் வாந்தி எடுத்து, நாற்றத்தோடு ரத்தமாகக் கழிந்தால் அது பெரும்பாலும் பார்வோ என்ற வைரஸ் நோய். தடுப்பூசி போடாத தெருக்குட்டிகளை வாரிக்கொண்டு போவது இதுதான். "ஆபரேஷன் பண்ணதாலதான் செத்துச்சு" என்று டாக்டரைத் திட்டுவோம். அன்றைக்கே கொண்டுபோய் டிரிப்ஸ் ஏற்றினால் பிழைக்க வழி உண்டு.

ஓய்வும் வேண்டும், முழங்காலும் மடங்க வேண்டும்

இந்தப் பாடத்தில் இதுதான் கொஞ்சம் கடினமான பகுதி. கூட்டத்தில் வாசிக்கும் ஊக்குநர் மெதுவாக வாசிக்கவும்.

எலும்பு கூட ஓய்வு தேவை. ஓடக் கூடாது, படி ஏறக் கூடாது, கட்டிலிலிருந்து குதிக்கக் கூடாது. கயிற்றில் கட்டிப்போட்டால் இழுத்துக்கொண்டு சுற்றும். பெரிய அட்டைப்பெட்டியோ, சுவர் மூலையில் பலகை வைத்து மறித்த இடமோ போதும். எழுந்து திரும்பிப் படுக்க மட்டும் இடம் இருந்தால் சரி. டைல்ஸ் தரை வழுக்கும், சாக்கு விரிக்க வேண்டும். வெளியே மூத்திரம் போக ஒரு நாளைக்கு நாலைந்து முறை தூக்கிக்கொண்டு போய், ஒரு துண்டை வயிற்றுக்கு அடியில் கொடுத்து இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டால் பின்னங்காலில் பாரம் விழாது.

ஆனால் தொடை எலும்பு முறிந்த குட்டிக்கு வெறும் ஓய்வு மட்டும் போதாது. வளரும் வயதில் எலும்பு வேகமாகக் கூடும், அது நல்லது. அதே வேகத்தில் தொடையின் முன்பக்கச் சதை எலும்போடு ஒட்டிக்கொள்ளவும் கூடும். காலை அசைக்காமலே வைத்திருந்தால் மூன்று, நான்கு வாரத்தில் கால் நீட்டினபடியே குச்சி மாதிரி விறைத்துவிடும். முழங்கால் மடங்காது. எக்ஸ்ரேயில் எலும்பு அழகாகக் கூடியிருக்கும், குட்டியோ அந்தக் காலை இழுத்துக்கொண்டே போகும். அந்த நிலை வந்தபிறகு திருப்புவது மிகக் கடினம், சில சமயம் காலையே எடுக்க வேண்டி வரும்.

இதைத் தடுக்கும் வேலை வீட்டில்தான் நடக்க வேண்டும். தையல் போட்டு அனுப்பும்போதே "முழங்காலை எப்போலேருந்து மடக்கி நீட்டலாம், எப்படி?" என்று டாக்டரிடம் கேட்டு, அவர் கையால் ஒரு முறை செய்து காட்டச் சொல்லுங்கள். அவர் சொன்ன நாளிலிருந்து, குட்டி ஒருக்களித்துப் படுத்திருக்கும்போது, ஒரு கையால் தொடையைத் தாங்கி இன்னொரு கையால் பாதத்தைப் பிடித்து, மெதுவாக மடக்கி நீட்ட வேண்டும். அவர் எத்தனை தடவை சொன்னாரோ அத்தனை தடவை. கத்தினால் நிறுத்திவிடுங்கள், வலுவாக இழுக்க வேண்டாம். பிரசவித்த மகளுக்கும் குழந்தைக்கும் எண்ணெய் தேய்த்துவிட்ட கைகள் நம்முடையவை. எவ்வளவு அழுத்தம் என்று சொல்லித் தர வேண்டியதில்லை.

ஒரு வாரம், பத்து நாளில் விரல் நுனியாவது தரையில் படுகிறதா என்று கவனியுங்கள். படவே இல்லையென்றால் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் கூட்டிக்கொண்டு போங்கள். திடீரென்று வீங்கினாலும், கம்பி முனை தோலைத் தள்ளிக்கொண்டு வந்தாலும் அப்படியே. நான்காம் வாரம் போல ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார்கள். குட்டி ஓடுகிறது என்று பலர் அதற்குப் போவதே இல்லை. கம்பியை எடுக்க வேண்டுமா, எப்போது என்பது அந்தப் படத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

காலையே எடுத்துவிட்டாலும் மனம் தளர வேண்டாம். மூன்று காலில் நாய் நன்றாகவே வாழ்கிறது, ஓடுகிறது. நமக்குத்தான் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது.

சாப்பாடு

எலும்பு கூட எலும்பு கொடுக்க வேண்டும் என்பது பழைய நம்பிக்கை. வெந்த கோழி எலும்பு ஊசி ஊசியாக உடைந்து குடலைக் குத்தும். வெறும் பாலும் சோறும் கூட போதாது, சில குட்டிகளுக்குப் பால் கழிச்சலும் கொடுக்கும். வேகவைத்த முட்டை, முள் எடுத்த மீன், உப்புக் காரம் இல்லாமல் வேகவைத்த கோழிக்கறி சோற்றோடு பிசைந்து மூன்று, நாலு வேளையாகக் கொடுக்கலாம். குழம்புச் சோறு வேண்டாம், வெங்காயம் நாய் ரத்தத்தைக் கெடுக்கும். கருவாட்டில் உப்பு அதிகம். கால்சியம் டானிக் டாக்டர் எழுதினால் மட்டும். பூச்சி மருந்து, பார்வோ தடுப்பூசி, மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி, இவற்றின் தேதிகளை மருத்துவச் சீட்டிலேயே குறித்து வாங்குங்கள். செப்டம்பர் 28 உலக வெறிநோய் நாள். அதையொட்டி இலவச முகாம் போட்டால் தெரு நாய்களையும் கொண்டுபோகலாம். குட்டியின் பூச்சி குழந்தைகளுக்கும் தொற்றும். அதன் மலத்தை எடுத்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் அடுப்படிக்குப் போக வேண்டாம்.

யார் பார்ப்பது, யார் பணம்?

மேலே சொன்னதையெல்லாம் கூட்டிப் பாருங்கள். நாலைந்து முறை வெளியே தூக்கிப் போக வேண்டும், மூன்று நாலு வேளைச் சோறு, மாத்திரை, கால் மடக்குவது, சாக்கு அலசுவது. விடியற்காலை தண்ணீர் பிடித்து, சமைத்து, வேலைக்கு ஓடும் பெண்ணின் தலையில் இது இன்னொரு வேலை. இதை யாரும் வேலை என்று கணக்கில் எடுப்பதில்லை. "நீதான் வீட்ல இருக்கியே" என்று ஒரே வார்த்தையில் முடிந்துவிடுகிறது. இரக்கம் ஊருக்கெல்லாம், உழைப்பு ஒருத்திக்கு என்றால் நான்காம் வாரம் அந்தக் குட்டி மறுபடியும் ரோட்டில்தான்.

ஆகவே ஆபரேஷனுக்கு முன்னாலேயே பேசி முடியுங்கள். காலை யார், மதியம் யார், எக்ஸ்ரேக்கு ஆட்டோவில் யார் போவது, தேறின பிறகு எங்கே இருக்கும். ஆபரேஷனுக்குப் பணம் போட்ட பிள்ளைகள் ஊருக்குப் போவதற்கு முன் மாத்திரைக்கும் எக்ஸ்ரேக்கும் பணத்தை வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். வீட்டு ஆண்களுக்கும் ஒரு வேளை ஒதுக்குங்கள், துண்டு பிடிக்கத் தெரியாத கை எதுவும் இல்லை. கைக்குழந்தை இருக்கும் வீடு, நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் இருக்கும் வீடு என்றால் "எங்களால் முடியாது" என்று சொல்ல அந்த உறுப்பினருக்கு உரிமை உண்டு. அதைக் குறையாகப் பேசக் கூடாது.

பணத்தைப் பற்றி எங்கள் கருத்து இது. குழுவின் சேமிப்பிலும் சுழல் நிதியிலும் இதற்குக் கை வைக்க வேண்டாம். அது உறுப்பினர்களின் கடன் தேவைக்கான பணம். விரும்புகிறவர்கள் மட்டும் போடும் உண்டியல் தனியாக இருக்கட்டும், வரவு செலவைத் தனித் தாளில் எழுதி ரசீதுகளோடு கூட்டத்தில் வாசியுங்கள்.

கூட்டத்தில் பேசுவதற்கு

உங்கள் தெருவில் அடிபட்ட குட்டிக்குக் கடைசியாக என்ன நடந்தது? அதை யார் பார்த்துக்கொண்டார்கள், எத்தனை நாள்? உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாய்க்கடி ஊசி எந்த நேரத்தில் போடுகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை கடித்தால் எங்கே போவது? இந்தக் கடைசிக் கேள்விக்குக் குழுவில் யாருக்கும் பதில் தெரியவில்லையென்றால், பிரதிநிதிகள் இரண்டு பேர் நேரில் போய் விசாரித்து வந்து தீர்மான நோட்டின் பின் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.